இரண்டு சதவீதமும் ஒரு நாள் ஊதியமும்: பேரிடர் நிவாரணத்தின் வரவுக் கணக்கு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வடதமிழகத்தைத் தாக்கியபின், பாதிக்கப்பட்ட குடும்பம் ஒன்றுக்கு ரூ.6,000 வீதம் தமிழக அரசு வழங்கியது. பெற்ற குடும்பங்கள் 24,25,336. மொத்தச் செலவு ரூ.1,455.20 கோடி. அதே மாதத்தில் டிவிஎஸ் மோட்டார் நிறுவனம் முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு ரூ.3 கோடி அறிவித்தது. 3 கோடியை 6,000 ரூபாயால் வகுத்தால் 5,000 குடும்பங்கள் வரும். உதவி பெற்ற மொத்தக் குடும்பங்களில் இது 0.21 சதவீதம். இதே அளவில் 10 நிறுவனங்கள் தந்தாலும் 50,000 குடும்பங்கள்தான், 2.1 சதவீதத்தைத் தாண்டாது. நிறுவனங்களின் நிவாரண உதவியைப் பேசுவதற்கு முன் இந்த விகிதம் மனத்தில் இருக்க வேண்டும்.

ரூ.6,000 என்பது உடனடிச் செலவுக்கான தொகை மட்டுமே. மிக்ஜாம் புயலுக்கும், அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டிய தென்மாவட்ட மழைக்கும் சேர்த்துத் தமிழக அரசு ஒன்றிய அரசிடம் கேட்டது ரூ.37,907.21 கோடி. இதில் புயலின் பங்கு ரூ.19,692.69 கோடி, தென்மாவட்ட வெள்ளத்தின் பங்கு ரூ.18,214.52 கோடி. தேசியப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து ஒப்புதல் கிடைத்தது ரூ.682.67 கோடிக்கு. கேட்டதில் இது 1.8 சதவீதம். மாநிலங்கள் கேட்கும் தொகையில் நிரந்தரச் சீரமைப்பும் அடங்கும். ஒன்றிய அரசின் விதிகளோ உடனடி நிவாரணத்தையே பெரிதும் கணக்கில் கொள்கின்றன. எனவே இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதில் எச்சரிக்கை தேவை. ஆனாலும் இடைவெளி ஆயிரக்கணக்கான கோடிகளில் இருக்கிறது என்பதில் ஐயமில்லை.

இந்த இடைவெளியில் நிறுவனங்களின் பணம் எவ்வளவு வர முடியும்? 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆவது பிரிவில் அதற்கு ஒரு எண்ணை வைத்திருக்கிறது: 2 சதவீதம். நிகர மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1,000 கோடி, நிகர லாபம் ரூ.5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றை முந்தைய நிதியாண்டில் எட்டிய நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். சராசரி லாபம் ரூ.5 கோடியாக இருக்கும் நிறுவனத்தின் கடமை ஆண்டுக்கு ரூ.10 லட்சம். ரூ.3 கோடி என்ற கடமை வர வேண்டுமானால் சராசரி லாபம் ரூ.150 கோடி இருக்க வேண்டும். அந்த ரூ.3 கோடியும் முழுவதாகப் பேரிடருக்குப் போகாது. பள்ளி, மருத்துவமனை, குளம், மரம் எல்லாம் அதே கணக்கில்தான் வருகின்றன.

நாடு முழுவதும் இந்தச் சமூகப் பொறுப்புச் செலவு, சட்டம் நடைமுறைக்கு வந்த 2014-15இல் ஏறத்தாழ ரூ.10,000 கோடி. 2018-19இல் ரூ.20,000 கோடியைத் தாண்டியது. 2022-23இல் ஏறத்தாழ ரூ.30,000 கோடி. எட்டு ஆண்டுகளில் மூன்று மடங்கு. இதை ஓர் அரசுக் கணக்குடன் ஒப்பிடலாம். 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு மாநிலங்களின் பேரிடர் இடர் மேலாண்மை நிதிகளுக்கு ஒதுக்கிய மொத்தத் தொகை ரூ.1,60,153 கோடி, ஆண்டுச் சராசரி ரூ.32,030 கோடி. ஆக, நாட்டின் எல்லா நிறுவனங்களும் எல்லாத் தலைப்புகளிலும் 2022-23இல் செலவிட்ட தொகை, மாநிலங்களின் பேரிடர் நிதியின் இந்த ஆண்டுச் சராசரியைவிடச் சற்றே குறைவு. 2022-23இல் கல்விக்கு மட்டும் ஏறத்தாழ ரூ.10,000 கோடியும், மக்கள் நலவாழ்வுக்கு ஏறத்தாழ ரூ.6,800 கோடியும் போயின. இரண்டும் சேர்ந்து 56 சதவீதம். மீதி 44 சதவீதத்தை இருபதுக்கும் மேற்பட்ட தலைப்புகள் பங்கிட்டுக்கொள்கின்றன. பேரிடர் அவற்றில் ஒன்று.

பணம் எங்கே போகலாம் என்பதையும் சட்டமே வகுக்கிறது. பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்குத் தரும் தொகை தொடக்கம் முதலே 2 சதவீதக் கணக்கில் சேரும். நிவாரணம், மறுவாழ்வு, மறுகட்டுமானம் உள்ளிட்ட பேரிடர் மேலாண்மை என்ற தனி இனம் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் சேர்ந்தது 2019 மே மாதத்தில்தான். கொரோனா பெருந்தொற்றையொட்டித் தொடங்கிய பி.எம். கேர்ஸ் நிதி 2020இல் சேர்க்கப்பட்டது. முதலமைச்சர் நிவாரண நிதிகள் இந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்குத் தரும் தொகை சமூகப் பொறுப்புச் செலவாகாது என்று நிறுவன விவகார அமைச்சகம் 2020 ஏப்ரல் 10ஆம் தேதி விளக்கம் தந்தது. விளைவைக் கணக்காகப் பார்க்கலாம். ரூ.1 கோடி தர நினைக்கும் நிறுவனம் பிரதமர் நிதிக்குத் தந்தால், 2 சதவீதக் கடமையில் ரூ.1 கோடி குறையும். அதே தொகையை மாநில முதலமைச்சர் நிதிக்குத் தந்தால் கடமை அப்படியே நிற்கும். மொத்தச் செலவு ரூ.2 கோடி ஆகிவிடும். வெள்ளம் வந்த மாநிலத்தின் நிதிக்குத் தருவது நிறுவனத்துக்கு இரட்டிப்புச் செலவு.

பணம் எப்போது வருகிறது என்பது அடுத்த கேள்வி. பி.எம். கேர்ஸ் நிதியின் தணிக்கைக் கணக்கு இதற்கு ஒரு சான்று. 2020 மார்ச் 27 முதல் 31 வரை ஐந்தே நாட்களில் உள்நாட்டு நன்கொடையாக வந்தது ரூ.3,075.85 கோடி, நாளொன்றுக்கு ரூ.615 கோடி. 2020-21 முழு ஆண்டில் ஏறத்தாழ ரூ.7,184 கோடி; நாளொன்றுக்கு ரூ.19.7 கோடி. 2021-22இல் ஏறத்தாழ ரூ.1,897 கோடி, நாளொன்றுக்கு ரூ.5.2 கோடி. 2022-23இல் ஏறத்தாழ ரூ.910 கோடி, நாளொன்றுக்கு ரூ.2.5 கோடி. 2020-21ஐ 100 என்று வைத்தால் அடுத்த ஆண்டு 26, அதற்கடுத்த ஆண்டு 13. அந்த முதல் ஐந்து நாட்கள் நிதியாண்டின் கடைசி ஐந்து நாட்களும்கூட. கைவசமிருந்த நிதியை நிறுவனங்கள் ஒரே மூச்சில் செலுத்தியிருக்க வாய்ப்புண்டு. பெருந்தொற்றும் வெள்ளமும் ஒன்றல்ல என்பதும் உண்மை. இருப்பினும் நன்கொடை முதல் வாரத்தில் குவிந்து இரண்டாம் ஆண்டில் வற்றுகிறது என்ற போக்கு இந்த எண்களில் தெளிவாகத் தெரிகிறது.

வந்த பணம் செலவான பணமல்ல. அதே நிதியின் 2020-21 கணக்கில் தொடக்க இருப்பும் வரவும் சேர்ந்து ரூ.10,990.17 கோடி. செலவு ரூ.3,976.17 கோடி, அதாவது 36 சதவீதம். ஆண்டு இறுதி இருப்பு ஏறத்தாழ ரூ.7,014 கோடி. நிவாரண நிதியில் இருப்பு வைப்பது தவறல்ல. அடுத்த பேரிடருக்கும் பணம் வேண்டும். ஆனால் நன்கொடை அளித்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் முழுத் தொகையும் அந்த ஆண்டே ‘செலவு’ என்று பதிவாகிவிடுகிறது.

இனி ஊழியர் பக்கம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே ஆங்கில நாளேடு ஒன்று 2020இல் திரட்டிய விவரப்படி, பொதுத்துறை நிறுவனங்கள் 38 தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து பி.எம். கேர்ஸுக்குத் தந்தது ரூ.2,105 கோடி. பின்னர் வெளியான மற்றொரு தொகுப்பில், நூற்றுக்கும் மேற்பட்ட பொதுத்துறை நிறுவனங்களின் ஊழியர் ஊதியத்திலிருந்து சென்றது ரூ.155 கோடிக்கு மேல். நிறுவனங்களின் எண்ணிக்கை இரண்டிலும் வேறு என்பதால் துல்லியமான விகிதம் சொல்ல இயலாது. அளவை மட்டும் சொல்லலாம்: நிறுவனக் கணக்கில் 100 ரூபாய் போன இடத்தில் ஊழியர் கைப்பணம் ஏறத்தாழ 7 ரூபாய்.

கேரளத்தில் இந்த விகிதம் தலைகீழாக மாறியது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்ட மீட்புத் தேவை ஏறத்தாழ ரூ.31,000 கோடி. முதலமைச்சரின் துயர்துடைப்பு நிதிக்கு அந்த வெள்ளத்தின் பொருட்டு வந்தது ஏறத்தாழ ரூ.4,900 கோடி, தேவையில் 16 சதவீதம். இதில் அரசு ஊழியர்களிடம் ஒரு மாத ஊதியத்தைக் கேட்ட ‘சாலரி சேலஞ்ச்’ மூலம் மட்டும் ரூ.1,200 கோடிக்கு மேல் வந்தது. மொத்த நன்கொடையில் நான்கில் ஒரு பங்கு. 2018 டிசம்பரில் ஒன்றிய அரசு கேரளத்துக்கு ஒப்புதல் அளித்த கூடுதல் உதவி ரூ.3,048.39 கோடி, ஊழியர் தந்தது அதில் 39 சதவீதத்துக்குச் சமம். அதே வெள்ளத்துக்கு ரிலையன்ஸ் அறக்கட்டளை அறிவித்தது நிதிக்கு ரூ.21 கோடியும், ரூ.50 கோடி மதிப்புள்ள பொருள்களும். இரண்டும் சேர்ந்த ரூ.71 கோடி, ஊழியர் தொகையில் 6 சதவீதம்.

இவ்வளவு பெருந்தொகை வந்ததற்குத் தவணை ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு மாத ஊதியத்தை 10 மாதங்களில் பிரித்துத் தரலாம் என்றது கேரள அரசு. மாதம் ரூ.30,000 வாங்குபவரின் சம்பளச் சீட்டில் மாதம் ரூ.3,000 பிடித்தம், அதாவது மூன்று நாள் ஊதியம். மொத்தமாக ரூ.30,000 கேட்டால் கையை விரிப்பவர், ரூ.3,000 பிடித்தத்துக்கு இசையக்கூடும். இதன் மறுபக்கமும் பதிவாகியிருக்கிறது. தர விரும்பாதவர் தம் மறுப்பை எழுதித் தர வேண்டும் என்ற நிபந்தனையைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2018 அக்டோபர் 29ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் அந்த உத்தரவில் தலையிட மறுத்தது. ஆகவே ரூ.1,200 கோடி முழுவதும் மனமுவந்து வந்தது என்றும் சொல்ல முடியாது. முழுவதும் கட்டாயத்தால் வந்தது என்றும் சொல்ல முடியாது.

தனியார் துறையிலும் வங்கிகளிலும் வழக்கத்தில் உள்ள வழி ஈடுசேர்ப்பு: ஊழியர் தருவதற்குச் சமமான தொகையை நிறுவனமும் சேர்ப்பது. 2018இல் பாரத ஸ்டேட் வங்கி கேரளத்துக்கு ரூ.2 கோடி தந்ததோடு, தன் 2.7 லட்சம் ஊழியர்கள் தருவதற்கு ஈடான தொகையைத் தானும் தருவதாக அறிவித்தது. கணக்குக்காக, சராசரி மாத ஊதியம் ரூ.45,000 உள்ள 1,000 ஊழியர் நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் ஊதியம் ரூ.1,500. எல்லாரும் தந்தால் ரூ.15 லட்சம்; நிறுவனம் ஈடு சேர்த்தால் ரூ.30 லட்சம். குடும்பத்துக்கு ரூ.6,000 என்ற கணக்கில் 500 குடும்பங்கள். பாதிப் பேர்தான் தருகிறார்கள் என்றால் 250 குடும்பங்கள். அதே ஒரு நாள் ஊதியத்தை மாதாமாதம் 12 மாதங்களுக்குத் தந்து நிறுவனமும் ஈடு சேர்த்தால் ரூ.3.6 கோடி, 6,000 குடும்பங்கள். ஆண்டுக்கு ரூ.150 கோடி லாபம் ஈட்டும் நிறுவனத்தின் முழு 2 சதவீதத்தைவிட இது ரூ.60 லட்சம் அதிகம்.

ஊழியர் தரும் 1,000 ரூபாயில் எவ்வளவு அவர் கையிலிருந்து போகிறது என்பது வரிமுறையைப் பொறுத்தது. பிரதமர் நிதிக்கும் முதலமைச்சர் நிதிக்கும் தருவதற்கு 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு 100 சதவீதக் கழிவு தந்தது. பழைய வரிமுறையில் 30 சதவீத அடுக்கில் இருப்பவர், 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் சேர்த்து, ரூ.1,000க்கு ரூ.312 வரி மிச்சப்படுத்துவார். அவருடைய உண்மைச் செலவு ரூ.688. 20 சதவீத அடுக்கில் இருப்பவரின் செலவு ரூ.792. புதிய வரிமுறையில் இந்தக் கழிவு இல்லை. செலவு முழு ரூ.1,000. 2023-24 முதல் புதிய முறையே இயல்பான தேர்வு. பழைய முறையோடு ஒப்பிட்டால் 30 சதவீத அடுக்கினருக்கு நன்கொடையின் விலை 45 சதவீதம் ஏறியிருக்கிறது. வரிவிகிதங்கள் குறைந்ததால் மொத்தத்தில் அவருக்கு லாபமாகவும் இருக்கலாம். நன்கொடைக்கென்று இருந்த தனித் தூண்டுதல் மட்டும் மறைந்தது.

பணத்துக்கு அடுத்தது உழைப்பு. மேற்சொன்ன நிறுவனத்தின் 1,000 ஊழியரும் ஒரு நாள் களப்பணிக்குப் போனால் 8,000 மணிநேரம். அவர்களது ஒரு நாள் ஊதிய மதிப்பு ரூ.15 லட்சம். சமூகப் பொறுப்புக் கணக்கில் இதன் மதிப்பு 0. ஊழியரின் பங்கேற்பை ஊக்குவிக்க வேண்டும், ஆனால் அதைப் பணமாக மதிப்பிட்டுச் செலவில் சேர்க்கக் கூடாது என்பதே 2021 ஆகஸ்டில் அமைச்சகம் தந்த விளக்கம். பொருளாகத் தருவதை மதிப்பிட்டுச் சேர்ப்பதற்கும் அதே விடைதான். கணக்கைப் பெருக்கிக் காட்டுவதைத் தடுக்க இந்த விதி உதவும். ஆனால், வெள்ளம் வடிந்த தெருவில் சேறு அள்ளிய மணிநேரங்கள் எந்த ஏட்டிலும் ஏறாமல் போகின்றன.

பொருள் உதவியில் எடையும் இடமும் செலவுதான். 20 லிட்டர் குடிநீர் கேன் ஒன்றின் எடை ஏறத்தாழ 20 கிலோ. 9 டன் ஏற்றும் லாரியில் 450 கேன்கள், 9,000 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் என்று கொண்டால், 3,000 பேருக்கு ஒரு நாளைக்குப் போதும். மறுநாள் இன்னொரு லாரி வேண்டும். 67 மில்லிகிராம் குளோரின் மாத்திரை ஒன்று 20 லிட்டர் தெளிந்த நீரைச் சுத்திகரிக்கும். அதே 9,000 லிட்டருக்கு 450 மாத்திரைகள். ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடும். கலங்கல் நீரை வடிகட்ட வேண்டும், மாத்திரை இரண்டு மடங்கு தேவைப்படலாம். அப்போதும் 900 மாத்திரைகள்தான். கிணறே மூழ்கிய முதல் இரண்டு நாட்களுக்குக் கேன் தேவை. மூன்றாம் நாளுக்குப் பிறகும் லாரி லாரியாகக் கேன் அனுப்பினால் செலவில் ஒரு பகுதி டீசலுக்குப் போகும்.

பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பெருஞ்செலவு வீட்டில் இருக்கிறது. 2022-26 காலத்துக்கான மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிகளின்படி, முற்றிலும் இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் ரூ.1.20 லட்சம், மலைப்பகுதியில் ரூ.1.30 லட்சம். 2024 ஜூலை 30ஆம் தேதி வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு அழித்தபின், கல்பற்றாவில் திட்டமிடப்பட்ட புதுக்குடியிருப்பில் ஒரு வீட்டுக்கான நன்கொடையாளர் பங்கைக் கேரள அரசு ரூ.20 லட்சம் என்று நிர்ணயித்தது. இது விதிப்படி கிடைக்கும் ரூ.1.30 லட்சத்தைப் போல 15 மடங்குக்கு மேல். ரூ.3 கோடியை ரூ.6,000 வீதம் பிரித்தால் 5,000 குடும்பங்களுக்கு ஒருமுறை உதவி, ரூ.20 லட்சம் வீதம் பிரித்தால் 15 வீடுகள். இம்முறை கேரளம் தன் ஊழியர்களிடம் கேட்டது ஐந்து நாள் ஊதியம். மாதம் ரூ.30,000 வாங்கும் ஒருவருக்கு அது ரூ.5,000. அப்படி 400 பேர் தந்தால் ஒரு வீடு.

கணக்கில் விடுபடும் மற்றொரு வரி, பாதிக்கப்பட்ட ஊழியர். நிவாரணம் தரும் நிறுவனத்தின் பணியாளர் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர் நின்றிருக்கலாம். ஆனால் சொந்த ஊழியருக்கு மட்டும் பயன்படும் செலவு 2 சதவீதக் கணக்கில் சேராது. 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் 68எல் பத்தி, இயற்கைப் பேரிடருக்காக ஊழியர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து எடுக்க நெடுங்காலம் அனுமதித்த முன்பணம் ரூ.5,000 அல்லது அவர் பங்கில் பாதி, இரண்டில் எது குறைவோ அது. மிக்ஜாமுக்கு அரசு தந்த ரூ.6,000ஐவிடக் குறைவு. நிறுவனம் தன் ஊழியருக்கு இரண்டு மாதச் சம்பள முன்பணம் தந்தால், அது எந்த நன்கொடைப் பட்டியலிலும் வராது, மாதம் ரூ.45,000 வாங்குபவருக்கு அது ரூ.90,000, அரசு உதவியைப் போல 15 மடங்கு.

இந்த எண்களிலிருந்து நான்கு முடிவுகளை எச்சரிக்கையோடு எடுக்கலாம். முதலாவது, நிறுவனப் பணம் மொத்தத் தேவையில் சில சதவீதம். அரசின் பொறுப்பை அது ஈடுசெய்யாது. இரண்டாவது, 0.21 சதவீதமாக எல்லா இடத்திலும் தூவுவதைவிட, 15 வீடுகள் போல ஓரிடத்தில் முடித்துக் காட்டும்போது அதே தொகையின் பயன் தெரிகிறது. மூன்றாவது, முதல் வாரக் காசோலையைவிட 10 மாதத் தவணை பெருந்தொகையைத் தந்திருக்கிறது. மறுகட்டுமானத்துக்கும் பணம் மாதக்கணக்கில்தான் தேவைப்படுகிறது. நான்காவது, மாநில நிதிக்குத் தருவதை இரட்டிப்புச் செலவாக்கும் விதி மறுஆய்வுக்கு உரியது.

நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் இப்போது பெரும்பாலும் ஒரே எண்ணைத் தருகின்றன: எவ்வளவு கொடுத்தோம். இனி ஒவ்வொரு பேரிடருக்கும் அறிவித்தது, செலுத்தியது, களத்தில் செலவானது, ஊழியர் தந்தது என்று நான்கு எண்களைத் தேதியோடு அச்சிடட்டும். பங்குதாரர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேட்கலாம். ஊழியர்கள் தம் சம்பளச் சீட்டின் பிடித்தத்தைக் காட்டிக் கேட்கலாம். கேட்பதற்கு இருவருக்கும் உரிமை உண்டு.